தெரிந்ததை எங்கே வைப்பது?

பெட்டியைத் தூக்கச் சொல்ல ஆங்கிலத்தில் இரண்டு வரிசை உண்டு. ‘பிக் அப் த பொக்ஸ்’ என்றாலும் சரி, ‘பிக் த பொக்ஸ் அப்’ என்றாலும் சரி. பெட்டி என்ற பெயரை எடுத்துவிட்டு ‘இட்’ என்ற பிரதிப்பெயரை வைத்ததும் ஒரு வழி அடைபட்டுப் போகிறது. ‘பிக் இட் அப்’ மட்டுமே ஆங்கிலம். ‘பிக் அப் இட்’ என்று அந்த மொழியோடு வளர்ந்த சின்னப் பிள்ளைகூடச் சொல்லாது. நம் வகுப்பறைகளில் இதை ஒரு விதியாக எழுதிக் கொடுத்துப் பாடமாக்க விடுவதே வழக்கம். பிரதிப்பெயர் வந்தால் நடுவில் போட வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் இதற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் காரணம் யாழ்ப்பாணத்துத் தீவகத்தில், ஊர்காவற்றுறையிலும் நயினாதீவிலும் நெடுந்தீவிலும் பேசப்படும் தமிழுக்கு வெகு தூரத்திலும் இல்லை. அந்தத் தமிழின் வழியாகப் போனால்தான் அது நன்றாக விளங்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும். ‘பிக் இட் அப்’ என்பதை ஓர் ஆங்கிலேயர் சொன்னால் ‘பிக்கிட்டப்’ என்று ஒரே மூச்சில் வரும். குரல் எழும்புவது தொடக்கத்திலும் முடிவிலும். நடுவில் உள்ள ‘இட்’ ஏறக்குறைய விழுங்கப்படுகிறது. எந்தப் பெட்டி என்று சொல்பவருக்கும் தெரியும், கேட்பவருக்கும் தெரியும். தெரிந்த பொருளுக்கு யாரும் குரலைச் செலவழிப்பதில்லை. ஆங்கில வாக்கியத்தின் கடைசி இடமோ புதுச் செய்திக்கும் அழுத்தத்துக்கும் உரிய இடம். மெலிந்த ‘இட்’ஐ அங்கே கொண்டுபோய் நிறுத்தினால் வாக்கியத்தின் முடிவு தொய்ந்துவிடும். ஆகவே அது நடுவில் ஒடுங்கிக்கொள்ள, கனமான ‘அப்’ கடைசிக்கு வருகிறது.

இந்த விளக்கம் சரிதானா என்று சோதிக்கலாம். அந்தப் பிள்ளையை அல்ல, இந்தப் பிள்ளையை ஏற்றிக்கொண்டு வா என்று சொல்லும் இடத்தில், ‘பிக் அப் ஹிம்’ என்று ‘ஹிம்’ஐ ஓங்கிச் சொல்லி, கையாலும் காட்டினால், பிரதிப்பெயர் கடைசியில் நிற்க இடம் கிடைத்துவிடுகிறது. சொல் அதேதான். அழுத்தம் ஏறியதும் இடமும் மாறிவிட்டது. இவ்வகை வினைகளைப் பற்றி 1971இல் தனி நூல் எழுதிய ட்வைட் பொலிஞ்சர் இந்த அழுத்தக் கணக்கைத்தான் விரிவாகப் பேசினார். பாடப்புத்தக விதி பிரதிப்பெயரைப் பற்றிப் பேசுகிறது. வாய்க்குத் தெரிந்த விதி மெலிவைப் பற்றியது.

இன்னொரு சோதனையை எந்த வகுப்பிலும் செய்து பார்க்கலாம். ‘ரான் அப் எ ஹில்’ என்றால் குன்றில் ஓடி ஏறினான். ‘ரான் அப் எ பில்’ என்றால் கடையில் கடனை ஏற்றி வைத்தான். எழுத்தில் ஓர் எழுத்துத்தான் வேறுபாடு. ஹில், பில் இரண்டையும் ‘இட்’ ஆக்கினால் குட்டு வெளிப்படும். குன்று என்றால் ‘ரான் அப் இட்’. கடன் என்றால் ‘ரான் இட் அப்’. முதல் வாக்கியத்தில் ‘அப்’ குன்றுக்குச் சொந்தமான முன்னிடைச்சொல், நம் வேற்றுமை உருபு செய்யும் வேலையைச் செய்கிறது. இரண்டாவதில் அது வினையோடு சேர்ந்து வேறொரு பொருள் தரும் துணைச்சொல். ‘லுக் அட் இட்’, ‘லுக் ஆஃப்டர் ஹிம்’ என்பவற்றில் பிரதிப்பெயர் நகராமல் கடைசியிலேயே இருப்பதற்கும் இதுவே காரணம். ‘அட்’, ‘ஆஃப்டர்’ தமக்குப் பின்னால் வரும் பெயரைப் பிடித்துக்கொண்டிருப்பவை. இந்த வாக்கியங்களில் அதைத் தாண்டி அவற்றால் தனியே கடைசியில் போய் நிற்க முடியாது.

மெலிந்ததும் குட்டையானதும் முன்னால், கனத்ததும் நீண்டதும் பின்னால் என்ற போக்கை ஜெர்மன் அறிஞர் ஒட்டோ பெஹாகல் 1909இலேயே எழுதிவைத்தார். அவருக்கு முன் 1892இல் யாக்கோப் வாக்கர்நாகல், பழைய ஐரோப்பிய மொழிகளில் அழுத்தமில்லாத சொற்கள் வாக்கியத்தின் இரண்டாம் இடத்தில் போய் ஒதுங்குவதைக் காட்டியிருந்தார். 2004இல் லோசே, ஹோக்கின்ஸ், வாசோ ஆகிய மூவரும் ஆங்கில எழுத்துகளைத் திரட்டி ஆராய்ந்தார்கள். வினைக்கும் துணைச்சொல்லுக்கும் நடுவே வரும் பெயர்த்தொடர் நீள நீள, ஆங்கிலம் எழுதுவோர் அவ்விரண்டையும் பிரித்துவைக்கத் தயங்குகிறார்கள் என்பது அவர்களின் முடிவு. ‘அப்’ எப்போது வரும் என்று கேட்பவர் மனத்தில் காத்திருக்க வேண்டிய நேரம் கூடுவதே அதற்குக் காரணம் என்றார்கள். வினை கடைசியில் வரும் மொழிகளில் இது தலைகீழ். ஜப்பானியரை வைத்து யமஷித்தாவும் சாங்கும் 2001இல் வெளியிட்ட ஆய்வில், நீண்ட தொடரை முன்னே தள்ளிக் குட்டையானதை வினைக்குப் பக்கத்தில் வைக்கும் போக்கு தெரிந்தது. தமிழும் வினையை முடிவில் வைக்கும் மொழி. ‘போன கிழமை அண்ணை யாழ்ப்பாணத்திலை வாங்கின சாமானை அவனிட்டைக் குடு’ என்பதில் நீண்ட பகுதி முன்னே போய்விடுகிறது, ‘அவன்’ வினையின் மடியில் உட்கார்ந்திருக்கிறான்.

தெரிந்த பொருளை ஆங்கிலம் நடுவில் ஒடுக்குகிறது என்றேன். தமிழ் அதையும் செய்வதில்லை, சொல்லாமலே விட்டுவிடுகிறது. குறிகட்டுவான் துறையில் நெடுந்தீவுப் படகுக்குச் சாமான் ஏற்றும்போது கேட்கும் பேச்சில் ‘அதை’ என்ற சொல்லைத் தேடிப் பாருங்கள். ‘தூக்கு’, ‘இஞ்சாலை வை’, ‘கயிறு போட்டுக் கட்டு’, ‘விட்டிடு’. எதைத் தூக்குவது, எதைக் கட்டுவது என்று யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. தமிழ் வினை ‘வந்தேன்’, ‘வந்தாய்’ என்று எழுவாயை விகுதியில் காட்டுவதால் எழுவாயை விடலாம் என்று பள்ளியில் படிக்கிறோம். செயப்படுபொருளுக்கு வினையில் எந்த விகுதியும் கிடையாது. இருந்தும் விடுகிறோம். இருவர் கண்ணெதிரிலும் இருக்கும் பொருளுக்குப் பெயர் எதற்கு? ஆங்கிலத்தில் அந்தச் சுதந்திரம் இல்லை. ‘பிக் அப்’ என்று ஏவிவிட்டு நிறுத்த முடியாது, ஒரு ‘இட்’ வேண்டும். சொல்லத் தேவையில்லாத பொருளுக்குக் கட்டாயமாக ஒரு சொல் வைக்க வேண்டியிருப்பதால்தான், அந்தச் சொல் இயன்றவரை சிறுத்து, இயன்றவரை ஒளிந்து நிற்கிறது. நம் பிள்ளைகள் ‘இட்’டை மறந்துவிடுவதும் இங்கிருந்து வருவதே. அவர்களின் தாய்மொழிப் பழக்கம் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது.

அதே துறையில் இன்னொரு வேறுபாடும் கண்முன்னே நடக்கிறது. நயினாதீவு அம்மனிடம் போகிறவர் படகில் ஏறுகிறார், அங்கே இறங்குகிறார். சிறிய வள்ளமானாலும், பெரிய பயணிகள் படகானாலும், பஸ்ஸானாலும், ஆட்டோவானாலும் ஏறு, இறங்கு என்ற இரண்டு வினை போதும். ஆங்கிலத்தில் வினை ‘கெட்’ என்ற ஒன்றே. அதற்குத் தனியே திசை ஒன்றும் இல்லை. திசையைத் துணைச்சொல் தருகிறது, அதுவும் வண்டியைப் பார்த்துத் தருகிறது. எழுந்து நடமாடத் தளம் உள்ள பெரிய படகுக்கும் பஸ்ஸுக்கும் விமானத்துக்கும் ‘கெட் ஒன்’, ‘கெட் ஒஃப்’. குனிந்து உள்ளே போய் உட்கார வேண்டிய காருக்கும் சிறு வள்ளத்துக்கும் ‘கெட் இன்’, ‘கெட் அவுட்’. லெனார்ட் டால்மி என்ற அமெரிக்க மொழியியலாளர் உலக மொழிகளை இந்தக் கோணத்தில் பிரித்தார். அவருடைய 1985ஆம் ஆண்டுக் கட்டுரை இன்றுவரை பேசப்படுகிறது. போகும் திசையை வினைக்குள்ளேயே வைப்பவை ஒரு பக்கம், வினைக்கு வெளியே ஒரு சிறு சொல்லில் வைப்பவை மறுபக்கம். ஏறு, இறங்கு, நுழை, கட என்று சொல்லும் தமிழ், இந்த வினைகளைப் பார்த்தால் முதல் பக்கத்தில் நிற்கிறது. ஆங்கிலம் இரண்டாவது பக்கம். ‘கெட் ஒன்’ என்பதை ‘கெட்’ என்றும் ‘ஒன்’ என்றும் பிரித்துப் பொருள் தேடும் பிள்ளை, இல்லாத இடத்தில் தேடுகிறது. அந்த இரண்டும் சேர்ந்துதான் ‘ஏறு’.

துணைச்சொற்கள் நம்மிடம் இல்லை என்றும் எண்ணிவிட வேண்டாம். அந்த வேலையைத் தமிழில் துணைவினைகள் செய்கின்றன. இ. அண்ணாமலை இவற்றைத் தனி நூலாகவே ஆராய்ந்திருக்கிறார். ‘ஈட் அப்’ என்றால் மிச்சமில்லாமல் சாப்பிட்டுவிடு, தீவுப் பேச்சில் ‘சாப்பிட்டிடு’. அந்த ‘அப்’பில் எதுவும் மேலே போகவில்லை, இந்த ‘விடு’வில் எதுவும் விடுபடவில்லை. இரண்டும் வேலை முடிந்ததைக் காட்டும் குறிகளாகத் தேய்ந்துவிட்டன. ‘புட் அவே’க்கு நாம் ‘எடுத்து வை’ என்போம். சட்டையை ‘ட்ரை ஒன்’ செய்வது நமக்குப் ‘போட்டுப் பார்’. கண்ணை மூடிக்கொண்டு ‘குடிச்சுப் பார்’ என்றும் சொல்லலாம், பார்வைக்கு அங்கே வேலையில்லை. ஆங்கிலம் தன் துணைச்சொற்களை இடத்தையும் திசையையும் குறிக்கும் சொற்களிலிருந்து எடுத்தது. தமிழ் தன் துணைவினைகளை விடு, வை, பார், கொள், போடு என்ற அன்றாட வினைகளிலிருந்து எடுத்தது. தேய்மானம் இரண்டிலும் ஒரே மாதிரி. யாழ்ப்பாணத்தில் வீட்டை விட்டுப் புறப்படுகிறவர் சொல்லும் ‘போட்டு வாறன்’ என்பதைக் கேளுங்கள். போய், விட்டு, வருகிறேன் என்ற மூன்று வினைகள் அதில் இருக்கின்றன. ‘போய்விட்டு’ என்பது ‘போட்டு’ என்று சுருங்கியதில், விடு என்ற வினை அடையாளம் தெரியாத அளவுக்கு மெலிந்துவிட்டது.

வினையும் பிரதிப்பெயரும் சேரும் விதத்தில் யாழ்ப்பாணத் தமிழுக்கு என்று ஒரு தனிச் சிறப்பு உண்டு. சுசீந்திரராசா போன்ற மொழியியலாளர்கள் இந்த வழக்கைக் கூர்ந்து விவரித்தார்கள். ‘நான் போன மாசம் நெடுந்தீவுக்குப் போனனான்.’ ‘நீங்கள் எப்ப வந்தனீங்கள்?’ ‘அவள் முந்தியே சொன்னவள்.’ இதில் ‘போனன்’ என்ற சாதாரண வினைமுற்று இருக்கவே ‘போனனான்’ என்று இன்னொரு வடிவம் ஏன்? பிரித்துப் பார்த்தால் ‘போன’ என்ற பெயரெச்சத்தின் முடிவில் ‘நான்’ முழுதாக வந்து ஒட்டியிருக்கிறது. ‘வந்த’ என்பதோடு ‘நீங்கள்’ சேர்ந்தால் ‘வந்தனீங்கள்’. வினையின் வாலில் தேய்ந்த விகுதி இருக்க வேண்டிய இடத்தில் உயிருள்ள பிரதிப்பெயரே வந்து உட்கார்ந்திருக்கிறது. பெரும்பாலும் இந்த வடிவம் வருவது எப்போது, எதற்கு, யாரோடு என்ற பகுதியில் கவனம் விழும்போது. வந்தது இருவருக்கும் தெரிந்த செய்தி, எப்போது என்பதுதான் கேள்வி. சிங்களத்திலும் இதே சூழலில் வினையின் முடிவு மாறும். தமிழ்நாட்டு நண்பர் ஒருவர் ‘வந்தனீங்கள்’ என்பதைப் பிழையான தமிழ் என்று நினைக்கக்கூடும். தெரிந்தது எது, புதியது எது என்பதை வினையின் வடிவத்திலேயே காட்டும் நுட்பமான கருவி அது. ஆங்கிலம் அழுத்தத்தாலும் வரிசையாலும் செய்வதை இந்த வழக்கு விகுதியால் செய்கிறது.

தா, கொடு என்ற இரண்டு வினைகளிலும் இதே கதைதான். தருவதும் வருவதும் தன்மை, முன்னிலை நோக்கி. செல்வதும் கொடுப்பதும் படர்க்கை நோக்கி என்று தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் வகுக்கிறது. தீவுப் பேச்சில் அந்தப் பிரிவு இன்றும் உயிரோடு இருக்கிறது. ‘எனக்குத் தாங்கோ’, ‘அவனுக்குக் குடுங்கோ’. ‘தாங்கோ’ என்று மட்டும் சொன்னாலே ‘எனக்கு’ என்பது வினைக்குள் கேட்டுவிடும். ஆங்கிலத்தின் ‘கிவ்’ யாரை நோக்கியும் திரும்பாத வினை. அதனால் ‘கிவ் மீ’, ‘கிவ் இட் டு ஹிம்’ என்று ஒவ்வொரு முறையும் ஆளைச் சொல்லியாக வேண்டும்.

இந்தத் தீவுகளின் வரலாற்றை நினைத்தால் இந்த விஷயம் எனக்கு மேலும் சுவையாகிறது. 1619இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த போர்த்துக்கேயரும், 1658இல் அவர்களிடமிருந்து பறித்த ஒல்லாந்தரும், 1795இல் வந்த ஆங்கிலேயரும், வினையையும் பிரதிப்பெயரையும் மூன்று விதமாகப் பொருத்தும் மொழிகளோடு வந்தார்கள். போர்த்துக்கேயர் பிரதிப்பெயரை வினையோடு ஒட்டிவிடுவார்கள். பழைய நடையில் வினையைப் பிளந்து நடுவிலும் செருகுவார்கள். ‘உனக்குத் தருவேன்’ என்பது ‘தார்-தெ-எய்’. தா என்பதற்கும் எதிர்கால விகுதிக்கும் நடுவில் உனக்கு. ‘என்னோடு’ என்பது அவர்களுக்குக் ‘கொமிகு’. இலத்தீனில் ஓடு என்ற பொருள் தரும் ‘கும்’ தமிழைப் போலவே பிரதிப்பெயருக்குப் பின்னால் ஒட்டி ‘மேகும்’ ஆயிற்று. காலப்போக்கில் அந்தப் பின்னொட்டை மக்கள் உணராமல் போகவே, முன்னால் இன்னொரு ‘கொம்’ சேர்த்தார்கள். ஆக ‘கொமிகு’வில் ஓடு இரண்டு முறை இருக்கிறது. ஒல்லாந்து மொழி துணைச்சொல்லை வாக்கியத்தின் முடிவுக்கே அனுப்பும். ‘இக் பாக் ஹெட் ஒப்’, நான் அதைத் தூக்குகிறேன். பெட்டியானாலும் ‘அது’வானாலும் அங்கே ஒரே வரிசைதான், ஆங்கிலத்தின் இரட்டை வழி கிடையாது.

இவ்வளவு காலம் ஆண்டும் அவர்கள் விட்டுச் சென்றவை பெரும்பாலும் பெயர்கள். கதிரை, மேசை, அலுமாரி, சப்பாத்து, வாங்கு எல்லாம் போர்த்துக்கேயம். கந்தோரும் கக்கூசும் ஒல்லாந்து. ஒரு முன்னிடைச்சொல்லோ பிரதிப்பெயரோ யாழ்ப்பாணத் தமிழுக்குள் வரவில்லை. ஊர்காவற்றுறையின் மறுபெயரான ‘கைட்ஸ்’ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. யானைகளைக் கப்பலேற்றிய துறை என்று பொருள்படும் போர்த்துக்கேயத் தொடரில் ‘துறை’ என்ற ‘கைஷ்’ மட்டும் மிஞ்சிப் பெயராயிற்று என்பது பரவலான விளக்கம். ‘இன்’ என்ற உருபின் வேலையைச் செய்த ‘துஷ்’ உதிர்ந்துவிட்டது, யானைகளும் போய்விட்டன. மறுதிசையில் நடந்ததோ இன்னும் வியப்பு. மட்டக்களப்புப் பறங்கியரின் போர்த்துக்கேயத்தை இயன் ஸ்மித் 1970களில் ஆராய்ந்தபோது, அது தமிழைப் போல வினையைக் கடைசியில் வைப்பதையும், ‘பாரா’ என்ற பழைய முன்னிடைச்சொல் பெயருக்குப் பின்னால் போய்க் ‘கு’ உருபைப் போல ஒட்டிக்கொண்டிருப்பதையும் கண்டார். சொற்கள் போர்த்துக்கேயமாகவே இருக்க, மூட்டுகள் தமிழாகிவிட்டன.

போர்த்துக்கேயத்துக்கும் தீவகத் தமிழுக்கும் கடன் இல்லாத ஓர் ஒற்றுமையும் உண்டு. என் பக்கத்தில் இருப்பது ‘இது’, உங்கள் பக்கத்தில் இருப்பது ‘உது’, இருவருக்கும் எட்டத்தில் இருப்பது ‘அது’. தமிழ்நாட்டுப் பேச்சில் உகரச் சுட்டு ஏறக்குறைய மறைந்துவிட்டது. இங்கே ‘உவன்’, ‘உங்கை’, ‘உப்பிடி’ என்று அன்றாடம் புழங்குகிறது. ரொறன்ரோவில் இருக்கும் மகனிடம் வேலணையிலிருந்து தாய் ‘உங்கை குளிரே?’ என்று கேட்டால், மகனின் இடம் அந்த ஒரு சொல்லிலேயே இருக்கிறது. போர்த்துக்கேயத்திலும் ‘எஸ்டே, எஸ்ஸே, அக்கேலே’ என்று இதே மூன்று. இன்றைய ஆங்கிலத்துக்கும் ஒல்லாந்துக்கும் இரண்டே. இந்த இரண்டு மொழிகளும் தீவகத்தவர் ஒருவரிடம் சேர்ந்தன. கரம்பொனில் 1913இல் பிறந்த தனிநாயகம் அடிகள் போர்த்துக்கேயம் உட்படப் பல ஐரோப்பிய மொழிகளை அறிந்தவர். 1679இல் அச்சான புரோயென்சாவின் தமிழ்–போர்த்துக்கேய அகராதியை வத்திக்கான் நூலகத்தில் கண்டு, 1966இல் மறுபதிப்பாக வெளிவரச் செய்தவரும் அவரே.

பிரதிப்பெயர்கள் கடன் போகவே மாட்டா என்றும் சொல்ல முடியாது. ஆங்கிலத்தின் ‘தே’, ‘தெம்’, ‘தெயர்’ மூன்றும் வைக்கிங்குகள் கொண்டுவந்த நோர்ஸ் மொழிச் சொற்கள். இரண்டு மக்களும் நெருங்கி ஒன்றாக வாழ்ந்ததும், இரண்டு மொழிகளும் உறவு மொழிகளாய் இருந்ததும் அதற்கு வழி செய்தன. பழைய ஆங்கிலத்தில் துணைச்சொற்கள் பலவும் வினைக்கு முன்னே ஒட்டி நின்றன. ‘அண்டர்ஸ்டாண்ட்’, ‘ஓவர்கம்’ அந்தக் காலத்தின் மிச்சம். பின்னர் அவை வினையை விட்டுக் கழன்று பின்னால் வந்தன. 1755இல் தன் அகராதியின் முன்னுரை எழுதிய சாமுவேல் ஜோன்சன், அயலவருக்கு மிகக் கடினமானது இந்த வினை–துணைச்சொல் சேர்க்கைதான் என்று குறிப்பிட்டார்.

கடினம் என்பது உண்மை. ஆனால் மூளைக்கு இவை இரண்டு சொற்களாகவே தெரிவதில்லை போலும். 2010இல் காப்பெல், ஷ்டிரோவ், புல்வர்மூலர் ஆகியோர் மூளையின் காந்த அலைகளை அளந்தார்கள். வழக்கில் உள்ள ‘ஹீட் அப்’ போன்ற சேர்க்கைகளைக் கேட்டபோது எழுந்த துடிப்பு, வழக்கில் இல்லாத ‘கூல் அப்’ போன்றவற்றுக்கு எழுந்ததைவிட வலுவாக இருந்தது. இது தனிச் சொற்களுக்கு மூளை காட்டும் அடையாளம். ஆகவே ‘பிக்’ ஒரு பட்டியலாகவும் ‘அப்’ ஒரு பட்டியலாகவும் படிப்பதை நான் ஏற்கமாட்டேன். ‘பிக் இட் அப்’, ‘புட் இட் அவே’, ‘லுக் அட் இட்’ என்று பிரதிப்பெயரோடு சேர்த்தே, அழுத்தம் விழும் இடத்தோடு, முழுத் துண்டாக வாயில் பழக்க வேண்டும். ‘இட்’ எங்கே நிற்கிறது என்பது ‘அப்’ எந்த வகை என்பதையும் கூடவே சொல்லிக் கொடுத்துவிடும்.

தமிழர் நாவு இதை முன்பே கண்டுகொண்டது. ‘என்னை ஸ்கூலடியிலை பிக்கப் பண்ணுங்கோ’ என்று லண்டனிலும் ரொறன்ரோவிலும் யாழ்ப்பாணத்திலும் பிள்ளைகள் சொல்கிறார்கள். ‘பிக் அப்’ பிரிக்க முடியாத ஒரே சொல்லாக வந்து, ‘பண்ணு’ என்ற தமிழ் வினையின் முன் நின்றுவிட்டது. ஆங்கிலேயர் நடுவில் செருகும் ‘மீ’ இங்கே நடுவில் வருவதில்லை. ‘ஐ’ உருபை ஏற்று ‘என்னை’ ஆகி, வினைக்கு முன்னால் தனக்குரிய இடத்தில் நிற்கிறது. அவசரத்தில் ‘அஞ்சு மணிக்குப் பிக்கப் பண்ணுங்கோ’ என்று சொல்லும்போது அந்த ‘என்னை’யும் இல்லை.